தைரொய்ட் குளிசை கூட்டினதுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு, நித்திரை இல்ல. நிப்பாட்டலாமா?

வாவிக்கரை_பிள்ளை (களுவாஞ்சிகுடி பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு தைரொய்ட் குறைவு எண்டு போன வருஷம் கண்டுபிடிச்சாங்க, அப்ப டிஎஸ்எச் (சுரப்பியை வேலை செய்யத் தூண்டுற ஹோர்மோன், தைரொய்ட் குறைஞ்சா இது கூடும்) 18. 50 மைக்ரோகிராம் தைரொக்சின் தந்தாங்க, போட்டு வர களைப்பு கொஞ்சம் குறைஞ்சிச்சு, முகத்தில இருந்த ஊதலும் வத்திச்சு. ஆனா டிஎஸ்எச் இறங்கினது காணாது எண்டு 100க்குக் கூட்டினாங்க. அங்க தொடங்கினதுதான். ராவைக்கு இடப்பக்கம் சரிஞ்சு படுத்தா நெஞ்சு அடிக்கிற சத்தம் தலகாணிக்குள்ளால காதுக்குக் கேக்குது, நித்திரை எண்டது மருந்துக்கும் இல்ல, போர்ட்டில எழுதக்குள்ள கை நடுங்குது, வகுப்பில பிள்ளைகள் பாத்துட்டு டீச்சருக்கு என்ன எண்டு கேக்குதுகள். ஃபேனுக்குக் கீழ இருந்தும் வேர்த்து ஊத்துது, வயிறும் அடிக்கடி போகுது. தலைமயிர் வேற சீப்பு நிறைய வருது.

மாமி சொல்லுறா இந்தக் குளிசை சரியான சூடு, நிப்பாட்டிப் போட்டு கொஞ்ச நாள் பாரு எண்டு. இவர் சொல்லுறார் பாதியா உடைச்சுப் போடு எண்டு. கிளினிக் திகதி இன்னும் கனக்கத் தூரம். இந்தக் குளிசை போடுற ஆக்கள் யாருக்கும் இப்படி வந்ததா? என்ன செய்தீங்க? எனக்கு உண்மையிலயே பயமா இருக்கு.

கல்லடியான்

தங்கச்சி, முழுசா நிப்பாட்டிராதீங்க. எங்கட அப்பாவுக்கும் இதே வருத்தம், அவர் இதயத்துக்கு ஸ்டென்ட் வச்ச ஆள், அதால டொக்டர் 25லதான் தொடங்கினவர், மெல்ல மெல்லத்தான் கூட்டினவர். வயசானவங்களுக்கும் இதய வருத்தக்காரருக்கும் ஒரேயடியாக் கூட்டக்கூடாது எண்டு சொன்னார். உங்களுக்கு 100 கூடிட்டுதோ என்னவோ. கிளினிக் திகதிக்குக் காத்திருக்காம போய்க் காட்டுங்க.

மூலிகை_விரும்பி (காரைதீவு)

அக்கா நான் சொல்லுறது பிழையா எடுக்காதீங்க. இந்த இங்கிலீஷ் மருந்தெல்லாம் கெமிக்கல், ஒண்டுக்குக் குடுத்து ஒம்பதைக் கெடுக்கும். எங்கட சின்னம்மாவுக்கு தைரொய்ட் இருந்து அமுக்கிராக் கிழங்குத் தூளும் கடற்பாசித் தூளும் எடுத்து இப்ப நல்லா இருக்கிறா. நீங்க இதை நிப்பாட்டிப் போட்டு மூணு மாசம் அதை எடுத்துப் பாருங்க.

படுவான்கரை_அக்கா

பிள்ள, நான் கனகாலம் வார்டிலயும் கிளினிக்கிலயும் நர்ஸ் மிஸ்ஸா வேலை செய்து இப்ப பென்ஷன்ல இருக்கிற ஆள். எனக்கும் இந்த வருத்தம் இருக்கு, தைரொக்சின் நானும் போடுறன். அதால ரெண்டு பக்கத்தாலயும் கதைக்கிறன்.

முதல்ல ஒண்டு. நீங்க சொன்ன படபடப்பு, நடுக்கம், வேர்வை, நித்திரை இல்லாம, வயிறு போறது, இது எல்லாம் ஒரே பக்கத்தைத்தான் காட்டுது. தைரொய்ட் குறைஞ்சா வாறது இதுக்கு எதிர்மாறு: குளிர் தாங்காது, மலச்சிக்கல், நாடி மெதுவா அடிக்கும், எப்பவும் நித்திரை தூங்கும். உங்களுக்கு இப்ப இருக்கிறது தைரொய்ட் கூடின ஆளுக்கு வாற குணம். மருந்து ஒத்துவரல்ல எண்டதை விட மருந்தின்ட அளவு உங்கட உடம்புக்குக் கூடிட்டுது எண்டதுக்குத்தான் இடம் கூட. மருந்தே ஆகாது எண்டா வழி வேற, அளவு கூடினா வழி வேற. அளவு கூடினா குறைச்சா சரி, நிப்பாட்டத் தேவையில்ல. நிப்பாட்டினா கொஞ்ச நாளைக்கு நல்லா இருக்கிற மாதிரித்தான் இருக்கும், ஏனெண்டா இந்த மருந்து உடம்பில கன நாள் நிக்கும், பாதி கழியவே ஒரு கிழமை பிடிக்கும். மறுகா மெல்ல மெல்ல பழைய களைப்பும் ஊதலும் வரும், அது குளிசை விட்டதாலதான் எண்டு அப்ப யாருக்கும் விளங்காது. இப்படி விட்டுட்டு வந்த எத்தினை பேரை வார்டில பாத்திருக்கன், முகம் வீங்கி, குரல் தடிச்சு, கதைக்கிறதே இழுத்து இழுத்துக் கதைப்பாங்க. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, நாடி எண்ணிப் பழகுங்க. காலம்பற கட்டிலால எழும்ப முதல், ஒண்டும் குடிக்க முதல், இடது கையை மல்லாத்தி வச்சு பெருவிரல் அடிக்குக் கீழ மணிக்கட்டில வலது கையில ரெண்டு விரலை வச்சு மெல்லமா அமத்துங்க, பெருவிரலால அமத்தக்கூடாது, அதுக்குள்ளயும் நாடி இருக்கு, குழப்பிப்போடும். சுவர் மணிக்கூட்டைப் பாத்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணுங்க. பதினஞ்சு செக்கன் எண்ணி நாலால பெருக்கிற வேலை வேணாம், ஏனெண்டா எண்ணக்குள்ள தாளம் ஒழுங்கா வருதா, இடையில ஒண்டு விட்டு விட்டுத் துடிக்குதா எண்டதையும் கவனிக்கணும். கொப்பியில திகதி போட்டு எழுதுங்க. அதோட அண்டைக்குக் குளிசை எத்தினை மணிக்குப் போட்டீங்க, தேத்தண்ணி எப்ப குடிச்சீங்க, ராவு எத்தினை மணித்தியாலம் படுத்தீங்க எண்டதையும் எழுதுங்க. டொக்டருக்கு முன்னால போய் "ஒரு மாதிரி இருக்கு" எண்டு சொல்லுறதுக்கும் இந்தக் கொப்பியைக் காட்டுறதுக்கும் சரியான வித்தியாசம் இருக்கு, நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிண்டு பாத்த ஆள்.

நெஞ்சு நோகுது, மூச்சு எடுக்க ஏலாம இருக்கு, தலை சுத்தி விழப் பாக்கிறீங்க, நாடி தாளமில்லாம ஓடுது எண்டா ஒண்டுக்கும் பாக்காம 1990 அம்புலன்சுக்கு அடிங்க, ராவெண்டாலும் சரி.

மறுகா இதுகளைச் சொல்லுங்க: கடைசியா ரத்தம் எப்ப குடுத்தீங்க, கூட்டினதுக்குப் பிறகு குடுத்தீங்களா? நிறை எவ்வளவு? வேற என்னென்ன குளிசை போடுறீங்க, கடையில வாங்கிற விட்டமின், மயிருக்குப் போடுறது எல்லாம் சேத்துச் சொல்லணும். வயித்துல பிள்ளை ஏதும் இருக்கா?

வாவிக்கரை_பிள்ளை

அக்கா சரியான நன்றி, வாசிக்கக்குள்ளயே ஒரு நிம்மதி. கூட்டினதுக்குப் பிறகு ரத்தம் குடுக்கல்ல, அடுத்த கிளினிக்குக்கு ரிப்போட்டோட வரச் சொன்னாங்க. நிறை 52 கிலோ. பிள்ளை ஒண்டும் இல்ல. வேற மருந்தும் இல்ல, மயிர் கொட்டுறதால கடையில பயோட்டின் எண்ட விட்டமின் குளிசை ஒண்டு வாங்கிப் போடுறன், 5000 எண்டு போட்டிருக்கு. தைரொக்சின் வெறும் வயித்தில ஒழுங்காப் போடுறன். நாடி எண்ணினன், கட்டில்ல கிடக்கக்குள்ளயே 104.

மருந்துக்கடை_தம்பி (அக்கரைப்பற்று)

அக்கா, நான் பாமசிஸ்ட். படுவான்கரை அக்கா சொன்னது எல்லாம் சரி, நான் ரெண்டு மூணு விஷயம் சேக்கிறன், ஆனா அளவை மாத்திறது உங்கட டொக்டர்தான், நான் சொல்லுறதைக் கேட்டு நீங்களா குறைக்க வேணாம்.

பெரிய ஆளுக்கு சுரப்பி முழுசாவே வேலை செய்யல்ல எண்டா தைரொக்சின் கிட்டத்தட்ட ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். 52 கிலோவுக்குக் கணக்குப் பாத்தா 83 அளவில வரும். உங்களுக்கு சுரப்பி இன்னும் கொஞ்சம் வேலை செய்யுது எண்டா அதை விடக் குறையவும் காணும். அதால 100 உங்களுக்குக் கூடியிருக்க இடமிருக்கு. 50ல இருந்து ஒரேயடியா 100க்குப் போனதும் உடம்புக்கு ஒரு அடிதான். கன பேருக்கு 12.5, 25 எண்டு படிப்படியாத்தான் மாத்துவாங்க.

மற்றது, அளவு மாத்தினா டிஎஸ்எச் நிலைக்கு வர ஆறு கிழமை பிடிக்கும், அதாலதான் ஆறு தொடக்கம் எட்டு கிழமையில ரத்தம் பாக்கிறது. உங்களுக்குக் கூட்டி ஆறு கிழமை போயிட்டுது எண்டா, கிளினிக் திகதி மட்டும் காத்துக்கொண்டு நிக்க ஒரு காரணமும் இல்ல. ரத்தம் குடுக்கிற அண்டைக்குக் காலம்பறக் குளிசையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்க, முதல்லயே போட்டா ஃப்ரீ டி4 (ரத்தத்தில ஓடுற தைரொக்சின்ட அளவு) கூடிக் காட்டும்.

இப்ப முக்கியமான ஒண்டு, அந்த பயோட்டின். அதை இண்டைக்கே நிப்பாட்டுங்க. சில லாபுகள்ல டெஸ்ட் பண்ணுற முறை பயோட்டினை வச்சுத்தான் நடக்குது, உடம்புல பயோட்டின் கூட இருந்தா டிஎஸ்எச் பொய்யாக் குறைஞ்சு, டி4 பொய்யாக் கூடிக் காட்டும். உங்கட விஷயத்தில டொக்டர் எதைத் தேடுறாரோ அதே படத்தை பயோட்டின் பொய்யாப் போட்டுக் காட்டிரும். ரத்தம் குடுக்க ஆகக் குறைஞ்சது ரெண்டு நாள் முதல்லயாவது நிப்பாட்டியிருக்கணும், இன்னும் ரெண்டு நாள் கூட விட்டா நல்லம். டொக்டர்கிட்டயும் லாபிலயும் போட்டனீங்க எண்டதைச் சொல்லுங்க. எங்கட கடைக்கு வாற நிறையப் பேர் மயிருக்குப் போடுறதை மருந்தாவே நினைக்கிறதில்ல, கேட்டாலும் சொல்லுறதில்ல.

உங்கட வீட்டுக்காரர் சொன்ன மாதிரி உடைச்சுப் போடுற வேலை வேணாம். உங்கட குளிசைக்கு நடுவில கோடு இருக்கா, சரிபாதியா உடையுமா எண்டெல்லாம் இருக்கு. இந்த மருந்து மைக்ரோகிராம் கணக்கு, கொஞ்சம் கூடிக் குறைஞ்சாலே வித்தியாசம் தெரியும்.

மூலிகை_விரும்பி தம்பிக்கு: அமுக்கிராக் கிழங்கு சில ஆக்களுக்கு தைரொய்ட் ஹோர்மோனைக் கூட்டும். இப்பவே நெஞ்சு 104 அடிக்கிற ஆளுக்கு அதைக் குடுத்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. கடற்பாசியில அயோடின் எவ்வளவு இருக்குதெண்டு யாராலும் சொல்ல ஏலாது, உடம்பே சுரப்பியைத் தாக்கிற வகை தைரொய்டுக்கு அயோடின் கூடினா நிலைமை மோசமாகவும் கூடும்.

மூலிகை_விரும்பி

சரி நான் விளங்கிக்கொண்டன். அக்காவுக்கு ஒண்டு நடக்கணும் எண்டு நான் சொல்லல்ல. ஆனா அயோடின் குறைஞ்சுதானே தைரொய்ட் வாறது? கழலை எண்டு கழுத்தில கட்டி வாறதுக்கு அயோடின் குடுத்துத்தானே குணமாக்கினது? அதை மட்டும் ஏன் வேணாம் எண்டுறீங்க? கெமிக்கல் எண்டு நான் சொன்னதுக்கும் பதில் வரல்ல.

படுவான்கரை_அக்கா

தம்பி நல்ல கேள்விதான், கோபிக்க ஒண்டும் இல்ல. அந்தக் காலத்தில கழலை எங்கட நாட்டில பெரிய பிரச்சினையா இருந்தது உண்மை. அதுக்காகத்தான் 1995இல சட்டம் போட்டு உப்புக்கு அயோடின் சேக்க வச்சது. இப்ப நீங்களும் நானும் கறிக்குப் போடுறது அயோடின் உப்பு. கடல் மீனும் சாப்பிடுறம். அதால இப்ப வாறதில கனக்க அயோடின் குறைஞ்சு வாறதில்ல, ஹாஷிமோட்டோ எண்டு சொல்லுற, எங்கட உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்கிற வகை. அழிஞ்ச சுரப்பிக்கு மேல மேல அயோடின் குடுத்து பிரயோசனம் இல்ல.

கெமிக்கல் எண்டதுக்கு, தைரொக்சின் எண்டது எங்கட கழுத்துச் சுரப்பி செய்யிற அதே சாமான்தான், ஒரு அணுவும் வித்தியாசமில்ல. சுரப்பி செய்ய ஏலாததை வெளியில செய்து தாறாங்க. அதாலதான் அளவு சரியா இருந்தா பக்கவிளைவு எண்டு பெருசா ஒண்டும் வராது, வாறதில கனக்க அளவு கூடின குணமும் குறைஞ்ச குணமும்தான். குளிசையில சேக்கிற மா, நிறம், லக்டோஸ் அதுகளுக்கு ஒவ்வாமை வாற ஆக்களும் இருக்கினம், குறைவு. உடம்பெல்லாம் தடிச்சு சொறிஞ்சா, முகம் வீங்கினா அது வேற கதை, உடன ஓடணும்.

உங்கட சின்னம்மாவை ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்க தம்பி. நல்லா இருக்கிறா எண்டு பாத்துச் சொல்ல ஏலாத வருத்தம் இது.

மூலிகை_விரும்பி

ஓம் அக்கா சொல்லிப் பாக்கிறன். அவ ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டா, ஆனா சொல்லுறன்.

நிந்தவூர்_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இதுக்கு எதிர்மாறு, அதையும் எழுதினா யாருக்கும் உதவும் எண்டு எழுதுறன். 75 போட்டுக் காணாது, 100 போட்டுக் காணாது, 125, 150 எண்டு கூட்டிக் கூட்டிப் போனாங்க, டிஎஸ்எச் இறங்கவே இல்ல, எனக்கோ எழும்பி நடக்க ஏலாத களைப்பு. நான் குளிசையை ஒழுங்காப் போடுறல்ல எண்டு ஒரு டொக்டர் பேசியே போட்டார், அண்டைக்கு ஊட்ட வந்து அழுதன், ஏனெண்டா ஒரு நாள் தவறல்ல நான்.

மறுகா வேற ஒரு டொக்டர் உக்கார வச்சுக் கேட்டார், காலம்பற எழும்பினதில இரிந்து என்ன செய்யிற எண்டு. சுபஹு தொழுதுட்டு குளிசை, ஒடனே பால் தேத்தண்ணி. அதோட வயித்து எரிவுக்கு ஒமிப்ரசோல், எலும்புத் தேய்வுக்கு கல்சியம், ரத்தம் குறைவெண்டு அயன், எல்லாத்தையும் ஒரு கைப்பிடியா விழுங்குற. அவர் சொன்னார், உம்மா நீங்க போடுற தைரொக்சின் ரத்தத்துக்குப் போகவே இல்ல, கல்சியமும் அயனும் குடலுக்குள்ளயே அதைப் பிடிச்சு வச்சிருது எண்டு.

இப்ப நான் செய்யிற: எழும்பின ஒடனே குளிசையை வெறும் தண்ணியோட போடுவன். மறுகா குர்ஆன் ஓதி, முத்தம் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு முடிய ஒரு மணித்தியாலம் போயிரும், அதுக்குப் பிறகுதான் தேத்தண்ணி. அயனும் கல்சியமும் பகல் சாப்பாட்டுக்கும் ராச்சாப்பாட்டுக்கும், குளிசைக்கும் அதுகளுக்கும் ஆகக் குறைஞ்சது நாலு மணித்தியாலம் இடைவெளி. ஒமிப்ரசோல் வயித்து அமிலத்தைக் குறைக்கிறதால குளிசை கரைஞ்சு உடம்பில சேருறதும் குறையும் எண்டாங்க, அதை டொக்டரே பாத்து நிப்பாட்டிட்டார். இதெல்லாம் செய்தாப் பிறகு 150 கூடிட்டு, படபடப்பு வந்திட்டு, ஒடனே ரத்தம் பாத்து 100க்குக் குறைச்சாங்க. அதால யாரும் நேரத்தை மாத்தினா டொக்டருக்குச் சொல்லிட்டு மாத்துங்க, மாத்தி ஆறு கிழமையில ரத்தம் பாருங்க.

நோன்பில எப்படி எண்டு கனபேர் என்னிடம் கேட்டிருக்காங்க. நான் ராவைக்குப் படுக்கப் போகக்குள்ள போடுறன், நோன்பு துறந்து தராவீஹ் முடிச்சு வந்து ஒண்டும் சாப்பிடாம, கடைசியாச் சாப்பிட்டு மூணு மணித்தியாலமாவது போன பிறகு. சஹருக்கு கொஞ்சம் வெள்ளன எழும்பி குளிசையைப் போட்டுட்டு அரை மணித்தியாலமாவது விட்டு சாப்பிடுற ஆக்களும் இரிக்காங்க. எது தவறாம செய்ய ஏலுமோ அதைப் பிடிங்க. நோன்பில போடாம விடுற மட்டும் வேணாம், நோன்புக்கு முன்னால டொக்டரோட ஒருக்கா கதைங்க.

மருந்துக்கடை_தம்பி

ராத்தா எழுதினதை எல்லாரும் ரெண்டு தரம் வாசிங்க. சோயாவையும் சேத்துக்கொள்ளுங்க. சோயா மீட் கறி எங்கட வீடுகள்ல கிழமையில ரெண்டு தரமாவது வரும், சாப்பிடலாம், ஆனா குளிசை போட்டு ஒட்டின நேரத்தில வேணாம். மரவள்ளிக்கிழங்கு, கோவா இதுகளை முழுசா விடச் சொல்லி யாரும் பயங்காட்டினா பயப்படாதீங்க, அயோடின் உப்பு போட்டு அவிச்சு அளவாச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது.

சம்மாந்துறை_காக்கா

எனக்கு கொழுப்பு கூட எண்டு ஸ்டாட்டின் தந்தாங்க, தொடையும் கெண்டைக்காலும் கட்டையாப் போன மாதிரி நோவு, படி ஏற ஏலாது. மருந்தின்ட பக்கவிளைவு எண்டு மாத்தி மாத்தித் தந்தாங்க. கடைசியில பாத்தா தைரொய்ட் குறைவு, அதாலதான் கொழுப்பும் கூடி இரிக்கி, தசை நோவும் ஸ்டாட்டினோட சேந்து கூடி இரிக்கி. தைரொக்சின் போட்டு சரியான பிறகு கொழுப்பே பாதி இறங்கிட்டு. ஆம்பிளைகளும் இதைப் பாருங்க, பொம்பளைகள்ட வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இரிக்காங்க.

வாவிக்கரை_பிள்ளை

எல்லாருக்கும் சொல்லுறன். பயோட்டினை விட்டு சில நாள் கழிச்சு ரத்தம் குடுத்தன். டிஎஸ்எச் 0.08, ஃப்ரீ டி4 கூட. ரிப்போட்டையும் கொப்பியையும் கொண்டு போய் டொக்டருக்குக் காட்டினன், கொப்பியை முழுக்கப் புரட்டிப் பாத்தார், ஈசிஜி எடுத்தாங்க, தாளம் ஒழுங்கா இருக்கு, வேகம் மட்டும் கூட எண்டார். 50ம் 25மாச் சேத்து 75 போடச் சொன்னார், ஆறு கிழமையில மறுகா ரத்தம். படபடப்புக்கு வேற மருந்து வேணுமா எண்டு கேட்டன், சின்ன அளவில கொஞ்ச நாளைக்கு மட்டும் ப்ரோப்ரனலோல் தந்தார், எனக்கு ஆஸ்துமா இருக்கா எண்டு கேட்டுட்டுத்தான் எழுதினார். மாமிக்கும் ரிப்போட்டைக் காட்டி விளங்கப்படுத்தினன், இப்ப அவவே காலம்பற தேத்தண்ணியைப் பிந்தித்தான் தாறா.

மயிர் மட்டும் இன்னும் கொட்டுது. அதுக்கு என்ன செய்யிற?

ஏறாவூர்_தங்கச்சி

அக்கா எனக்கும் மயிர் பிரச்சினைதான், அதோட இன்னொண்டு, குளிசை போடத் தொடங்கினா நிறை குறையும் எண்டாங்க, எனக்கு ஒண்டும் பெருசாக் குறையல்ல. கூடப் போட்டா குறையுமா?

படுவான்கரை_அக்கா

ஐயோ தங்கச்சி, நிறை குறைக்க எண்டு ஒரு நாளும் கூடப் போட்டிராதீங்க. கூடின அளவு கனகாலம் போனா இதயத் தாளம் குழம்பும், எலும்பு தேயும், முக்கியமா மாதவிடாய் நிண்ட பொம்பளைகளுக்கு. தைரொய்ட் குறைவால ஏறின நிறையில கனக்க தண்ணியும் உப்பும் உடம்பில தேங்கினதுதான், சில கிலோ இறங்கும், மிச்சம் சாப்பாட்டாலயும் நடையாலயும்தான்.

மயிருக்கு: தைரொய்ட் குறைஞ்சாலும் கொட்டும், கூடினாலும் கொட்டும், மருந்து தொடங்கின முதல் மாசங்களிலயும் கொட்டும். அளவு சரியாகி டிஎஸ்எச் ஒரே மட்டத்தில நிண்டாப் பிறகு மயிர் திரும்ப வர இன்னும் சில மாசம் எடுக்கும், மயிர் மெல்லமாத்தான் வளரும். அதுக்குள்ள சீப்பைப் பாத்துப் பாத்து மனசு உடையாதீங்க. ஆனா ரத்தத்தில ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில சேத்து வச்சிருக்கிற அயன்), பி12 எல்லாம் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்க. டிஎஸ்எச் சரியா வந்தும் களைப்பும் மயிர் கொட்டுறதும் நிக்கல்ல எண்டா கன தரம் காரணம் அங்கதான் இருக்கும். எல்லாத்தையும் தைரொய்டின்ட தலையில போட்டு குளிசையைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. பி12 குறையிற வருத்தமும் ஹாஷிமோட்டோ உள்ள ஆக்களுக்கு சேந்து வாறது கூட.

பொத்துவில்_மகள்

எனக்கு ஒரு அவசரக் கேள்வி. நானும் தைரொக்சின் 75 போடுற. இப்ப ரெண்டு மாசம் எண்டு டெஸ்ட்ல தெரிஞ்சிட்டு, முதல் புள்ள. பக்கவிளைவு புள்ளைக்குப் போகும் எண்டு பக்கத்து ஊட்டு மாமி சொல்லுறாங்க, நிப்பாட்டவா?

படுவான்கரை_அக்கா

மகள், நிப்பாட்டவே நிப்பாட்டாதீங்க. இது எல்லாத்தையும் விட முக்கியம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல் மூணு மாசம் பிள்ளையின்ட மூளை வளர்ச்சிக்கு உங்கட தைரொய்ட் ஹோர்மோன்தான் தேவை, பிள்ளையின்ட சுரப்பி அப்ப வேலை செய்யத் தொடங்காது. வயித்தில பிள்ளை வந்தா தேவை கூடும், கனபேருக்கு கால்வாசி தொடக்கம் மூண்டில ஒண்டு அளவில கூட்ட வேண்டி வரும். தெரிஞ்ச உடனேயே கிழமைக்கு ரெண்டு குளிசை கூடப் போடச் சொல்லுற டொக்டர்மாரும் இருக்கினம், ஆனா உங்கட டிஎஸ்எச் பாத்துத்தான் உங்களுக்கு எவ்வளவு எண்டு சொல்ல ஏலும். பாதிக் காலம் வரைக்கும் நாலு கிழமைக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் பதியக்குள்ள இதை முதல்ல சொல்லுங்க, அட்டையில எழுத வைங்க.

கிளினிக்கில தாற அயனும் கல்சியமும் அவசியம், விடாதீங்க, ஆனா நிந்தவூர் ராத்தா சொன்ன நாலு மணித்தியாலத்தைப் பிடிங்க. கிளினிக்கில தாற திரிபோஷ சத்துமாவிலயும் சோயா இருக்கு, அதைக் காலம்பற குளிசையோட ஒட்டிச் சாப்பிடாம பின்னேரத்துக்குத் தள்ளுங்க. காலம்பற சத்தி வந்து குளிசை வெளிய வந்திட்டுது எண்டா அதையும் டொக்டருக்குச் சொல்லி, ராவைக்குப் படுக்கக்குள்ள போடலாமா எண்டு கேளுங்க. பிள்ளை பிறந்தாப் பிறகு பால் குடுக்கக்குள்ளயும் போடலாம், அளவு பழையபடி குறையும், ஆறு கிழமையில திரும்பப் பாக்கணும்.

பொத்துவில்_மகள்

ஜஸாகல்லாஹ் அக்கா. நாளைக்குக் காலம்பறவே போறன், மாமியையும் கூட்டிட்டுப் போறன்.

வாழைச்சேனை_பொடியன்

அம்மாவுக்காகக் கேக்கிறன். எங்கட வீடு தகரக் கூரை, கச்சான் காத்துக் காலத்தில உள்ளுக்க இருக்க ஏலாது. அம்மா குளிசையெல்லாத்தையும் மட்டையால கழட்டி ஒரு கண்ணாடிப் போத்தல்ல போட்டு குசினியில அடுப்புக்கு மேல தட்டில வைப்பா, எடுக்க லேசு எண்டு. இப்ப கொஞ்சக் காலமா திரும்ப களைப்பும் குளிரும் எண்டுறா. வெக்கைக்கு மருந்து பழுதாகுமா? ஃப்ரிட்ஜுல வைக்கவா? மறந்தா அடுத்த நாள் ரெண்டாப் போடலாமா எண்டும் கேக்கிறா.

மருந்துக்கடை_தம்பி

பழுதாகும் தம்பி, தைரொக்சின் வெக்கை, வெளிச்சம், ஈரம் மூண்டுக்கும் லேசில பலம் குறையிற மருந்து. கனக்கக் கம்பெனிப் பெட்டியில 25 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லிப் போட்டிருக்கும். அடுப்புக்கு மேல ஆவியும் வெக்கையும் சேந்து அடிக்கிற இடம், கண்ணாடிப் போத்தலுக்குள்ளால வெளிச்சமும் படும். மட்டையில இருந்து கழட்டாம, பெட்டியோடயே வீட்டில ஆகக் குளிர்ந்த அறையில, மண்சுவர் அல்லது கல்சுவர்ப் பக்கம் அலுமாரிக்குக் கீழ்த்தட்டில வைங்க. ஃப்ரிட்ஜில வைக்கிறதெண்டா ஈரம் போகாத மாதிரி இறுக்கமான டப்பாவுக்குள்ள மட்டையோட வச்சு, ஒவ்வொரு நாளும் வெளிய எடுத்து வச்சு வேர்க்க விடாம ஒரு மட்டையை மட்டும் வெளிய வச்சுப் பாவியுங்க. ஒரேயடியா ஆறு மாசத்துக்கு வாங்கி அடுக்க வேணாம்.

போத்தல்ல இருக்கிறதை எடுத்துப் பாருங்க, நிறம் மாறி, ஓரம் உதிர்ந்து, தூளாகி இருந்தா போட வேணாம், புதுசு எடுங்க. புதுசு எடுக்கக்குள்ள பழைய மட்டையைக் கொண்டு போய் அதே கம்பெனியா எண்டு பாத்து எடுங்க. கம்பெனி மாறினா சில ஆக்களுக்கு அளவு கொஞ்சம் கூடிக் குறையும், மாறித்தான் கிடைச்சுது எண்டா ஆறு கிழமையில ஒருக்கா ரத்தம் பாக்கணும்.

மறந்தா, அண்டைக்கே ஞாபகம் வந்தா வயிறு வெறுமையா இருக்கிற நேரம் பாத்துப் போடலாம். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்தா அண்டைக்குரியதை மட்டும் போடச் சொல்லுங்க, ரெண்டு வேணாம், அம்மாவுக்கு வயசும் போனதுதானே. ஒரு நாள் தவறினா ஒண்டும் ஆகாது, மருந்து உடம்பில நிண்டுகொண்டுதான் இருக்கும். ஆனா களைப்பும் குளிரும் திரும்ப வந்திருக்கு எண்டதால அளவைத் தன்பாட்டில கூட்டாம முதல்ல நல்ல குளிசைக்கு மாத்தி, ரத்தம் பாத்து டொக்டருக்குக் காட்டுங்க. போகக்குள்ள அந்தப் போத்தலையும் கையோட கொண்டு போங்க.